பிரின்ஸ் நம் தோட்டத்துக்கு வந்தான்

பண்ணைப்புரம்

அன்பு மகன் முத்துராஜாவுக்கு அம்மா பாண்டியம்மாள் எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், அதை நீ அப்படியே நம்பலாம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் தினமும் உலை வைக்கிறேன். எல்லையில் சண்டை தொடங்கியதிலிருந்து உன் போன் வரவே இல்லை, டிவியைப் போட்டால் வெடிச்சத்தம்தான், அப்பா அதன் ஒயரையே பிடுங்கிவிட்டார்.

இங்கே மேகமலைப் பக்கமிருந்து சாரல் இறங்குகிறது, திராட்சை பூத்துவிட்டது, பந்தலுக்கு அடியில் நின்றால் பகலா சாயங்காலமா என்று தெரியாத ஒரு வெளிச்சம். நேற்று அந்த வெளிச்சத்துக்குள் ஒருவன் நடந்து வந்தான், ஒட்ட வெட்டிய முடி, தோளில் பட்டாளத்துப் பை, ஒரு கையில் கட்டு. நீதான் என்று நினைத்தேன், கிட்டே வந்தால் நீ இல்லை. பட்டாளத்து ஆள் தேடி வந்தால் என்ன சேதியாக இருக்குமோ என்று நான் அங்கேயே நின்றுவிட்டேன், அப்பாவும் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார். அவனே புரிந்துகொண்டு, நீ நன்றாக இருப்பதாக முதலில் சொல்லிவிட்டான். அதன் பிறகுதான் அப்பா மண்ணில் உட்கார்ந்தார்.

போடிக்காரனாம், பெயர் பிரின்ஸ், உன் கூட்டாளியாம், காயத்துக்கு லீவு கொடுத்திருக்கிறார்கள். கிணறு எந்தப் பக்கம், எந்த வரிசையில் கொடி பட்டுப்போனது, எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது, கனவில் பார்த்த இடத்தில் நடப்பவன் போல நடந்தான். எப்படியப்பா என்று கேட்டேன்.

"குண்டடி பட்டதும் அவன்தான் என்னைய முதுகுல சுமந்துக்கிட்டு மலையிறங்குனான், ஆத்தா. நான் கண்ண மூடிரக் கூடாதுன்னு வழிநெடுக இந்தத் தோட்டத்தப் பத்தியே பேசிக்கிட்டு வந்தான்."

எங்களுக்கு எழுதும்போது மட்டும் நீ இதில் ஒரு சொல்கூட எழுதவில்லை. அப்பா எழுந்து வாய்க்கால் பக்கம் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார்.

சாப்பிட்டதும் பிரின்ஸ் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டான். நல்ல கை மட்டும் தூக்கத்தில் உதறிக்கொண்டே இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டேன், மெல்ல அடங்கியது, அவன் எழும்வரை விடவில்லை.

ஈரக் காலோடு பூட்ஸ் போடாதே. சுருளிவேலப்பர் உன்னோடு வரட்டும், நீயும் உன்னோடு இருக்கும் பிள்ளைகளும் நல்லபடியாக வீடு சேர வேண்டும். நீ அசந்து தூங்கும்போது கை உதறினால், பிடித்துக்கொள்ள அங்கே யாராவது இருக்கட்டும்.

உன் அம்மா,
பாண்டியம்மாள்