முதலாளியின் கோட்டுப் பையில் வைத்த கடிதம்

சின்னுக்குட்டிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், நீ சுகமென்று உன் கையால் ஒரு வரி வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறார், படியைக் கட்டினதே நான்தான் என்பதுபோல.

நான்தான் இரண்டு நாள் முன்னால் ஒரு காரியம் செய்துவிட்டேன். சம்பளம் கூட்டிக் கேட்டுவிட்டேனடி. பதினோரு வருஷமாக இந்தச் சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறேன், முதலாளி முன்னால் வாயைத் திறந்ததில்லை. நேரில் கேட்க நாக்கு எழவில்லை, அதனால் ஒரு தாளில் எழுதி, தேய்த்து மாட்டியிருந்த அவருடைய கோட்டுப் பையிலேயே வைத்துவிட்டேன். வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஏதோ கறை போகவில்லையென்று கோட்டு மறுபடி துவைக்கப் போயிருக்கிறது. நனைக்கும் முன்னால் பையைத் துழாவு, கிடைத்ததைப் பலகையில் குத்திவை என்று அங்கே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவளே நான்தானே! இன்று காலை போனால், யாரோ மறந்துவிட்ட சாவிக்கும் சீப்புக்கும் நடுவில் என் கடிதம் தொங்குகிறது.

பதறிப்போய்ப் பிடுங்கப் போனேன். என் பெயருக்குக் கீழே வேறு கையெழுத்துகள். துவைக்கிறவள், மடிக்கிறவள், கறை எடுக்கிற அண்ணன் என்று ஏழு பேர். நீங்க கேட்டது எங்களுக்கும் சேர்த்துத்தானே அக்கா என்கிறாள் மடிக்கிறவள். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் முதலாளியே வந்துவிட்டார். கண்ணாடியை மாட்டி, கடைசிக் கையெழுத்து வரைக்கும் நிதானமாகப் படித்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வாங்க என்று என்னை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான்தான் எல்லோரையும் கிளப்பிவிட்டேன் என்று நினைத்திருப்பாரோ, உள்ளதும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன், டப்பாவை இன்னும் திறக்கவில்லை. அந்த ஏழு பேரும் நாளை கதவுக்கு வெளியிலேயே நிற்பார்களாம், போகச் சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறார்கள். அப்பாவிடம் மூச்சு விடவில்லை, நீயும் உளறிவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே கிளம்பாதே. ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு என் கண்ணே. ஒன்று மறந்துவிட்டேன். ஆபீஸில் சம்பளத்தைப் பற்றிப் பேசாதே, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இரு என்று போன கடிதத்தில் உனக்குப் புத்தி சொல்லியிருந்தேன் அல்லவா, அதைக் கிழித்துப் போடு. நாளை எனக்கு என்ன ஆனாலும் சரி, நீ கேள். நேரில் போய்க் கேள், கோட்டுப் பையெல்லாம் வேண்டாம்.

உன் பயந்தாங்கொள்ளி
அம்மா