சுனிலின் மெஷின்

1998 மார்ச் 12, வியாழன்

வாங்கி வந்த பழைய மில்லிங் மெஷினை வீட்டுக்குப் பின்னால் கொட்டிலில் நிறுத்தி, இன்றுதான் மட்டம் பார்த்தேன். போல்ட் இறுக்கி முடிப்பதற்குள் பொலிஸ் ஜீப் வந்துவிட்டது. தமிழன் வீட்டில் இரும்பு வெட்டும் மெஷின் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இதுல துவக்கு, குண்டெல்லாம் செய்யலாம்தானே?" என்று சார்ஜன் சிங்களத்தில் கேட்டார்.

மெஷினைத் தூக்கிவிட வந்திருந்த பக்கத்து வீட்டுச் சிங்களவன் சுனில் முந்திக்கொண்டான். "மெஷின் என்னோடது சேர். கொட்டில வாடகைக்கு எடுத்திருக்கேன். இவன் என்கிட்ட வேலை செய்றவன்."

"போட்டுக் காட்டு."

சுனிலுக்குச் சுவிட்ச் எங்கே என்றுகூடத் தெரியாது. என்னைப் பார்த்து விரலை அசைத்தான். நான் போட்டேன். சார்ஜன் அவன் தோளைத் தட்டி, "நல்ல மெஷின்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுனில் இல்லாவிட்டால் இந்நேரம் எங்கே கிடந்திருப்பேனோ.

"கோவிச்சுக்காதீங்க பாஸ், வேற வழியில்ல" என்றான்.

"பெரிய உதவி சுனில்" என்றேன். வாயெல்லாம் கசந்தது.

பிறகு என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆற அமரத் தேத்தண்ணி குடித்தான். இன்னொரு ஸ்டூலும் அங்கேதான் கிடந்தது. அவன் எழுந்து போகும்வரை நான் உட்காரவில்லை.