அண்ணி, ஜில்லுவுக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டது

என் செல்ல அண்ணிக்கு,

மேலே போயும் ஏதாவது பூனைக்குச் சோறு வைத்துக்கொண்டுதான் இருப்பீர்கள். தட்டை ஓரமாக வைத்துவிட்டு இதைக் கேளுங்கள். ஜெயித்துவிட்டோம்!

நீங்கள் போன பிறகு நம் முடிச்சூர் ஃபிளாட்டில் மீட்டிங் போட்டார்கள். பூனைத் தொல்லை தாங்கவில்லை, எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் படப்பைப் பக்கம் விட்டுவிடலாம் என்றார் செயலாளர். தெரியாத ஊரில் அதுகளுக்கு யார் சோறு வைப்பார்கள்? எழுந்து நின்றேன்.

"சார், இதுங்கள இட்டுகினு போனா, காலி எடத்துக்கு வேற பூன வரும். குடும்பக் கட்டுப்பாடு பண்ணி இங்கியே வுட்டா குட்டியும் இருக்காது, சண்டையும் கொறையும். எங்க அண்ணி சொல்லிகினே இருந்தாங்க."

"ஏம்மா, பூனைக்கா?"

"பின்ன, உங்களுக்கா சார்?"

கூட்டமே சிரித்தது. ஆடி முடிவதற்குள் ஒன்று விடாமல் செய்ய வேண்டும், இல்லையென்றால் சாக்குதான் என்று கெடு வைத்தார் மனிதர்.

பொறிக்கூண்டில் மத்தி மீன் வைத்ததும் பூனைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. டாக்டரம்மா ஆபரேஷன் செய்து, அடையாளத்துக்குக் காது நுனியைக் கொஞ்சம் வெட்டி அனுப்பினார். உங்கள் ஜில்லு மட்டும் கிட்டேயே வரவில்லை. ஓயாமல் குட்டி போடுகிறவளே அவள்தான்! கெடு முடிகிற அன்று செயலாளர் சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

அப்போதுதான் தோன்றியது. உங்களைக் கிண்டல் செய்ய உங்களைப் போலவே மூக்கால் பேசுவேனே, அந்தக் குரலை எடுத்தேன்.

"வாடி என் ராசாத்தி! புருஷன வுட்டுட்டு வா, துன்னுட்டுப் போவியாம்!"

காருக்கு அடியிலிருந்து ஜில்லு வந்தாள் அண்ணி. என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னாலும் பார்த்தாள். யாரைத் தேடினாளோ? பிறகு நேராகக் கூண்டுக்குள் போனாள். படக்கென்று கதவு விழுந்தது. நான் விசிலடித்தேன், கண்ணில் தண்ணீர் வேறு.

இப்போது அவள் தூங்குவது செயலாளரின் ஸ்கூட்டர் சீட்டில். "தூங்கறா, எழுப்பாதே கோமதி" என்று அவரே கடைக்கு நடந்து போகிறார்!

புதிதாக எந்தப் பூனை வந்தாலும் விடமாட்டேன். ஆபரேஷனும் உண்டு, சோறும் உண்டு. ஆனால் உங்கள் குரலில் இனிக் கூப்பிடமாட்டேன், அண்ணி. அவளை மறுபடியும் தேடவிட எனக்கு மனசில்லை. என் கரகரத்த குரலுக்கே அவளைப் பழக்கிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்களை இன்னும் வம்புக்கு இழுக்கிற நாத்தனார்,
கோமதி