வெறும் தட்டிலும் பச்சை

அன்பு மகளுக்கு சித்தப்பா எழுதுவது. இதை நான் முதலிலேயே சொன்னேன். நீ அந்தச் சாயத்தைக் காய்ச்ச ஆரம்பித்த அன்றைக்கே, இது கண்ட இடத்தில் மினுங்கும் பார் என்று உன் அப்பாவிடம் சொன்னேன், அண்ணன் ஞாபகமில்லை என்கிறார், அவருக்கு எதுதான் ஞாபகம் இருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம், என் இடது முட்டியைத் தவிர. நீ சுகமா என்று கேட்கமாட்டேன், போன வாரம் போனில் நீ அழுததே போதும்.

எட்டாவதோடு நின்றவனுக்கு என்ன புரியும் என்று நினைக்காதே, முப்பது வருஷம் முலாம் பட்டறையில் உலோகத்தோடு குடும்பம் நடத்தியவன் நான். எதிர்வீட்டுத் தையல்காரர் உன்னைப் பற்றிக் கேட்டபோது நானே விளக்கினேன். உயிரோடு இருக்கிற செல்லுக்குள் ஒரு சாயத்தை அனுப்புகிறாள், உள்ளே துத்தநாகம் சுற்றித் திரிந்தால் பச்சையாக ஒளிரும், இல்லாவிட்டால் கம்மென்று இருட்டாகக் கிடக்கும், யோசனை கொடுத்ததே நான்தான் என்றேன். மனுஷன் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டார். இப்போது அவரிடம் போய், செல்லே இல்லாத வெறும் தட்டில் ஊற்றினாலும் பச்சையாகத்தான் எரிகிறது, மூன்று மாத வேலை தண்ணீரில் போயிற்று என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வேன்? எரிச்சல் எரிச்சலாக வருகிறது. உன் அம்மா வேறு நாளைக்கு நாலு தரம் பச்சை போயிற்றா என்று கேட்கிறாள், என்னமோ சளி மாதிரி. இந்த மாதத்துக்குள் சரியாகாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று உன் பேராசிரியர் சொன்னாராமே, அவர் மட்டும் என் கையில் கிடைத்தால்!

அதெல்லாம் கிடக்கட்டும். நேற்று நீ அனுப்பிய சேதியைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாத்திரத்தில் துத்தநாகம் ஒட்டியிருக்கிறது, சித்தப்பா சொன்ன கதை மாதிரியேதான், ஆய்வகத்தில் பாத்திரம் கழுவுகிற அம்மாதான் காரணம், திங்கட்கிழமை பேராசிரியரிடம் சொல்லி அவரை வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். நான் சொன்ன கதைதான். நிக்கல் முலாம் போட்ட குழாய்க்கெல்லாம் கறுப்புக் கோடு விழுந்தது, தொட்டியில் துத்தநாகம் கலந்துவிட்டது என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்தேன், சாமான் கழுவுகிற மூக்குக்கண்ணாடிக்காரர் சரியாக அலசவில்லை என்று பிடித்துக் கொடுத்தேன், முதலாளி எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். நூறு தரம் சொல்லியிருப்பேன். நான் சொன்ன நல்ல விஷயம் ஒன்றையாவது நீ இப்படிக் கேட்டிருக்கிறாயா?

அவசரப்படாதே. யாரும் கழுவாத புதுப் பிளாஸ்டிக் குப்பி ஒன்றைப் பிரித்து அதில் சாயத்தை ஊற்று. அதிலும் பச்சை வந்தால் அந்த அம்மாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிறகு நீ கையில் மாட்டுகிற ரப்பர் உறையின் நுனியை வெட்டி உள்ளே போட்டு, பச்சை கூடுகிறதா என்று பார். சில ரப்பரில் துத்தநாகம் சேர்ப்பார்கள், இதை நான் கட்டிவிடவில்லை, ரப்பர் குழாய் விற்கிறவரே சொன்னது. முதலில் நம் கையைப் பார்த்துவிட்டு அப்புறம் அடுத்தவர் கையைப் பார்ப்போம். ஏன் எதற்கு என்று குறுக்குக் கேள்வி கேட்காதே, சொன்னதைச் செய்.

உன் பச்சை, எரிய வேண்டிய இடத்தில் மட்டும் எரியட்டும். நன்றாக இரு மகளே, நேரத்துக்குச் சாப்பிடு, அம்மாவுக்குப் போன் செய். திங்கட்கிழமைக்கு முன்னால் குப்பி, மறக்காதே.

இப்படிக்கு, உன் நல்லதே நினைக்கும் சித்தப்பா.

கையெழுத்துப் போட்டும் பேனாவை மூட முடியவில்லை. உன் சித்தி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பும்போது அவளும் படிப்பாள், படிக்கட்டும். கண்ணாடிக்காரர் ஒழுங்காகத்தான் அலசினார். தொட்டியைச் சுத்தம் செய்த அன்றைக்கு, பிளாஸ்டிக் வாளியை எடுக்க மாடி ஏறச் சோம்பல்பட்டு, துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் முலாம் திரவத்தை இறைத்து வைத்தவன் நான். மறுநாள் வாளியின் உள்பக்கம் அரித்திருந்ததைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் அவரைக் கைகாட்டினேன். அன்றைக்கே வேலை போய், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெளியே போனார். அவர் செய்தார் என்பது மட்டும்தான் நான் கட்டிவிட்டது. முதலாளி தோளைத் தட்டியது நிஜம்.