ஸாஸியின் கடலும் என் கடலும்

ரெம்லா, கெர்கென்னாத் தீவு
11 ஜூன் 1996

அன்பு மருமகள் எம்னாவுக்கு,

உன் மாமன் மொங்கி எழுதுவது. நான் நலம், உன் பஹிஜா அத்தை நலம், என் புகழ் அதைவிட நலம். நான் எழுதிய வாழ்க்கைக் கதை அச்சேறப் போகிறது. ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பதிப்பாளர் அதைப் படித்து முடித்துவிட்டு ஒரு வாரம் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாராம். எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "படம் எங்கே?" எது எங்கே இருக்கிறது என்று படிக்கிறவனுக்குப் புரியவில்லையாம். துனிஸில் வரைபடம் வரைந்தே பேர் வாங்கிய மருமகள் எனக்கிருக்க, வேறு ஆளைத் தேடுவேனா? நீதான் வரைகிறாய். மறுத்தால் உன் அம்மாவிடம் சொல்வேன்.

முக்கியமான படம் ஒன்றுதான். என் அப்பா கடலுக்குள் நட்ட மட்டைவேலி. பேரீச்ச மட்டைகளை வரிசையாகச் சேற்றில் நட்டிருப்போம், மீன் அந்த வேலியோரமாகவே நடந்து வந்து, கடைசியில் இருக்கும் பொறி அறைக்குள் நுழைந்து, "மொங்கி இருக்காரா?" என்று விசாரிக்கும். கிழக்கே ஸாஸியின் வேலி. அவன் வேலிக்கு வரும் மீன்கள் வழி தவறியவை.

இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டுக் கடல் இருக்கிறது. அது எங்களுடையது. முப்பது வருடமாக அவன் தன்னுடையது என்கிறான். எல்லைக்கோட்டை நல்ல தடிமனாக, அந்தத் துண்டு முழுக்க என் பக்கம் வருகிற மாதிரி போடு. அச்சில் வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்வான்.

உன்னைத் தோளில் சுமந்த (ஒரு முறை, ஆனால் வெகுதூரம்)
மொங்கி மாமா

துனிஸ்
28 ஜூன் 1996

அன்புள்ள மொங்கி மாமாவுக்கு,

கையெழுத்துப் பிரதி வந்தது. இரண்டு நாள் சிரித்தேன், மூன்றாம் நாள் அளவுகோலை எடுத்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. நீங்கள் எழுதிய அளவுகளை அப்படியே தாளில் வைத்தால் உங்கள் வேலி ரெம்லாவில் புறப்பட்டு மால்டாவைத் துளைத்துக்கொண்டு போகிறது. மால்டாக்காரர்களிடம் சொல்லிவிட்டீர்களா? மூன்றாம் அத்தியாயத்தில் காப்பி ஆறுவதற்குள் ஸ்ஃபாக்ஸுக்குத் துடுப்பு போட்டுப் போயிருக்கிறீர்கள். அது உங்கள் கதை, உங்கள் காப்பி. நான் கை வைக்கவில்லை. ஆனால் படத்தின் மூலையில் என் பெயர் வரும். அங்கே மால்டா இருக்கிற இடத்தில்தான் இருக்கும்.

முதல் வரைவை அனுப்பியிருக்கிறேன். தீவு, சாலை, ஊர்கள், ஒலிவத் தோப்பு, படகுத்துறை எல்லாம் இருக்கின்றன. எல்லைக்கோடு மட்டும் போடவில்லை. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? யார் அளந்தது?

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். காய்ந்த ஆக்டோபஸ் அனுப்பி ஒரு வருடம் ஆகிறது என்பதையும் சொல்லுங்கள்.

உங்கள்
எம்னா

ரெம்லா
9 ஜூலை 1996

அருமை மருமகளே,

உன் வரைவைப் பார்த்து ஊரே அழுதது. நிலத்தை எறும்புப் புற்று மாதிரி நிரப்பிவிட்டு, கடலை வெள்ளையாக விட்டிருக்கிறாயே. துனிஸ்காரி வேலை. நிலத்தில் எங்களுக்கு என்ன இருக்கிறது? படுக்க ஒரு வீடு, புதைக்க ஒரு குழி. மிச்ச முகவரியெல்லாம் தண்ணீரில். முழங்கால் ஆழத்துக்குக்கூட இங்கே பேர் உண்டு: ஒட்டகக் கழுத்து, கிழவன் தாடி, மூன்று சகோதரிகள், மாப்பிள்ளை விழுந்த பள்ளம். (மாப்பிள்ளை பிழைத்தான். கல்யாணம் நின்றது.) பட்டியலைக் காப்பிக்கடையில் உட்கார்ந்து எழுதினேன். ஆளுக்கொரு பேர் சொன்னார்கள், இரண்டு பேர் கைகலந்தார்கள். இணைத்திருக்கிறேன்.

எல்லையை யார் அளந்தது என்று கேட்டிருக்கிறாய். கேள். கோடையில் மட்டைகளைப் பிடுங்கிவிடுவோம், மீனும் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று. செப்டம்பரில் திரும்ப நடவேண்டும். அன்று நானும் ஸாஸியும் ஒரே படகில் போவோம். அவன் ஓரிடத்தில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "இங்கதான்டா எங்கப்பா நட்டது" என்பான். நான் வேறோரிடத்தில் இறங்கி, "உங்கப்பனுக்குக் கண்ணு தெரியாது, இங்க" என்பேன். வெயில் ஏறுகிறவரை கத்துவோம். தொண்டை வற்றியதும் படகில் ஏறி, உன் அத்தை கட்டிக்கொடுத்த பார்லி ரொட்டியைத் தின்போம். பிறகு நடுவில் எங்காவது முதல் மட்டையை நடுவோம். அவன் பிடிப்பான், நான் அடிப்பேன். போன வருடம் ஓரிடம், அதற்கு முந்தின வருடம் வேறிடம்.

அதெல்லாம் நான் பெருந்தன்மையால் விட்டுக்கொடுத்தது. உண்மையான எல்லை நான் நிற்கிற இடம். அதை வரை.

சமுத்திரராஜன்
மொங்கி

துனிஸ்
30 ஜூலை 1996

அன்புள்ள மாமா,

நீங்கள் சொன்னது சரி. நிலத்தைக் காலி செய்துவிட்டேன். பள்ளிவாசலும் படகுத்துறையும் மட்டும் இருக்கின்றன. கடல் முழுக்கப் பேர்கள். நான் இதுவரை வரைந்ததில் இதுதான் சிறந்தது என்று என் வாயாலேயே சொல்கிறேன், பக்கத்து மேசைக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கோடும் போட்டிருக்கிறேன், நீங்கள் கேட்ட தடிமனில், நீங்கள் நிற்கிற இடத்தில். மால்டா இருக்கிற இடம் எனக்குத் தெரியும், அதனால் பிடிவாதம் பிடித்தேன். இந்தத் துண்டு உங்கள் இருவருக்குத்தான் தெரியும். உங்கள் ஒருவர் சொல்லை நம்பிப் போட்டிருக்கிறேன். ஸாஸி மாமாவிடம் ஒரு முறை காட்டுங்கள். அச்சு அக்டோபர் கடைசியில். அதுவரை என்னால் மாற்ற முடியும்.

எம்னா

ரெம்லா
12 ஆகஸ்ட் 1996

வரைபடங்களின் மகாராணிக்கு,

காட்டினேன். காப்பிக்கடையில், எல்லோர் முன்னாலும், மேசையைத் துடைக்கச் சொல்லிவிட்டு விரித்தேன். உலகப் போர் முடிந்த அன்றுகூட இப்படி ஓர் அமைதி இருந்திருக்காது.

ஸாஸி குனிந்து பார்த்தான். "என்னடா இது?"

"கடல்."

"இந்தக் கருப்புக் கோடு?"

"அதுதான் நீ. அதோட நீ முடியுற."

"அச்சுல வருதா?"

"ஆயிரம் பிரதி."

அவன் காப்பியைக் குடித்தான். கோப்பையைத் தள்ளி வைத்தான். "சரி, அப்ப சரி" என்றான். எழுந்து போய்விட்டான்.

முப்பது வருடத்துப் போர், ஒரு துளி ரத்தம் சிந்தாமல் முடிந்தது. கடைக்காரன் எனக்கு இரண்டாவது காப்பி இனாமாகக் கொடுத்தான். ஆனால் ஸாஸி ஒரு வசவுகூட இல்லாமல் போனது கொஞ்சம் மரியாதைக் குறைவு. தோற்றவனுக்கென்று ஒரு முறை இருக்கிறது.

வெற்றி வீரன்
மொங்கி

ரெம்லா
27 செப்டம்பர் 1996

எம்னா,

மட்டை நடும் காலம் வந்துவிட்டது. ஸாஸி வரவில்லை.

முதல் நாள் படகில் காத்திருந்தேன். அவனுக்கு வயிற்றுவலி என்று நினைத்தேன், சந்தோஷப்பட்டேன். இரண்டாம் நாளும் காணோம். மூன்றாம் நாள் வீட்டுக்கே போனேன். வாசலில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தான்.

"வாடா, நேரமாச்சு."

"எதுக்கு வரணும்? கோடுதான் புஸ்தகத்துல இருக்கே. அங்க நட்டுக்கோ."

"நேர்ல வந்து பாக்க வேணாமா?"

"பாத்தாச்சே. காப்பிக்கடையில."

"உன் வேலியை யாரு நடுவா?"

"என் மச்சான் வரான். கோட்டுக்கு இந்தப் பக்கமா நட்டுக்குவோம். உன் கடல்ல ஒரு குச்சி விழாது, பயப்படாத."

நான் தனியாகப் போனேன். துண்டுக் கடல் முழுக்க என்னுடையது. நடுவில் இறங்கி நின்று, "இங்க" என்றேன். எதிர்ப்பேச்சு இல்லை. நாலடி நகர்ந்து, "இல்ல, இங்க" என்றேன். அதற்கும் இல்லை. நான் ஒன்று சொல்லி யாரும் மறுக்காமல் இருந்தது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. உன் அத்தைகூட அப்படி விட்டதில்லை. மட்டையை நிறுத்திப் பிடித்தால் அடிக்கக் கை இல்லை, அடிக்கப் போனால் மட்டை சாய்கிறது. ஒரு மட்டைகூட நடாமல் கரைக்கு வந்தேன்.

பஹிஜா சொல்கிறாள், "அந்தச் சண்டை ஒண்ணுதான் உங்க ரெண்டு பேருக்கும் பொதுச்சொத்து. அதையும் நீங்களே எழுதி வாங்கிட்டீங்க." இந்தப் பெண்ணை நான் கட்டியிருக்கவே கூடாது. மிகவும் சரியாகப் பேசுகிறாள்.

எனவே ஏழு கடலுக்கும் அதிபதியாகிய நான், என் பேரருளால், உனக்கு ஆணையிடுகிறேன்: கோட்டை எடு. ஆணை என்று எழுதியிருக்கிறேன். நீ கெஞ்சல் என்று வாசித்தாலும் குற்றமில்லை.

மாமா

துனிஸ்
4 அக்டோபர் 1996

அன்புள்ள மாமா,

சவர பிளேடால் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டேன். மை ஊறிய இடம் லேசாகச் சொரசொரப்பாக இருக்கிறது, அச்சில் தெரியாது. திட்டு, பள்ளம், பாறை எல்லாவற்றுக்கும் என்னிடம் குறியீடு உண்டு, சண்டைக்குக் கிடையாது. அதனால் அந்த இடத்தைத் தண்ணீராகவே விட்டிருக்கிறேன். உங்கள் பெயரை மேற்கிலும் ஸாஸி மாமா பெயரைக் கிழக்கிலும் எழுதியிருக்கிறேன். கடலில் பெயர் எழுதும்போது எழுத்துகளை இடைவெளி விட்டுப் பரப்பி எழுதுவது எங்கள் தொழில் வழக்கம். இருவருக்கும் அப்படியே செய்தேன்.

பதிப்பாளருக்கு இதுதான் போகிறது. உங்களுக்கு ஒரு பிரதி. ஸாஸி மாமாவுக்கும் தனியாக ஒன்று, அவர் வீட்டு முகவரிக்கே அனுப்பிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து ஏதாவது பேசியிருப்பீர்கள்.

எம்னா

ரெம்லா
13 அக்டோபர் 1996

எம்னா,

அவசரம், சுருக்கமாக எழுதுகிறேன்.

இன்று விடிந்ததும் கதவு உடைகிற மாதிரி ஒரு தட்டு. ஸாஸி. ஒரு கையில் உன் படம், இன்னொரு கையில் பூதக்கண்ணாடி.

"உன் மருமவ படிச்ச பொண்ணுடா. பாரு, வலப்பக்கமிருந்து இடப்பக்கம் ஓடுற என் பேரோட கடைசி எழுத்து எங்க நிக்குது? துண்டுக்கு நடுவுல. அதுவரைக்கும் என் கடல்."

"பேரு நீண்டா கடல் நீளுமா? அப்ப என் பேரைப் பாரு, உன் படுக்கையறை வரைக்கும் வருது."

"அது உன் பேரு இல்ல, ஈ."

ஈதான். தட்டிவிட்டேன். அதற்காக ஒப்புக்கொள்ள முடியுமா? பள்ளிவாசல் பாங்கையும் மிஞ்சிக் கத்தினோம். உன் அத்தை இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். என்ன வந்தாலும் அவன் எழுத்தை ஒரு நூல்கூட நகர்த்தாதே. என்னுடையதையும்தான். பதிப்பாளர் வந்து காலில் விழுந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

இதைப் படகுத்துறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மட்டைகள் ஏற்றியாகிவிட்டது. அவன் படகில் நின்றுகொண்டு கத்துகிறான்: "யாருக்குடா எழுதுற? அவகிட்ட என்ன கோள் சொல்ற? ஏறு, வெயில் வந்துரும்."

மொங்கி மாமா