சிவப்பு மையில் ஐம்பது

விருதுநகர்
17.9.2007

அன்பு மகள் இசைவாணிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாலும் கழற்ற மனசில்லாமல் தெருவில் போட்டுக்கொண்டு திரிகிறார். நீயும் சுகம்தான் என்று வழக்கம்போல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்த முறை கை வரவில்லை. நீ பேசி நாலு நாள் ஆகிறது. பார்சலைப் பிரித்ததும் இதை முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு ரப்பரை எடு. முன்னால் அனுப்பிய இரண்டு ரப்பரையும் காரில் மாட்டியிருந்தாயானால் கழற்றிவிடு, மாட்டவில்லை என்றால் குப்பையில் போடு. இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை அந்த ரேஸ் மைதானத்துக்கு அவற்றோடு போகக் கூடாது. தகட்டில் ஒட்டு சரியில்லையாம் என்று வியாழக்கிழமை போனில் நான் சொன்ன காரணம் பொய். நீயும் சரிம்மா பாத்துக்கிடுதேன் என்றாய். உன்னுடைய அந்தச் சரிம்மாவை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், அதற்குப் பிறகு நீ உன் இஷ்டப்படிதான் செய்வாய். அதனால் எனக்கு உட்கார்ந்தால் இருப்பில்லை, நின்றால் நிலையில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். உன் பழைய காரில் கியர் பெட்டியைத் தாங்குகிற ரப்பர் வெடித்துவிட்டது, அந்த மாடலுக்கு மெல்போர்னில் கிடைக்கவில்லை, சிவகாசியில் அச்சு மெஷின் ரோலருக்கு ரப்பர் போடுகிறவர்கள் செய்துதருவார்களா கேளுங்கம்மா என்று ஜூலையில் படம் வரைந்து அனுப்பினாயே, பிரவுசிங் சென்டரில் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு தனுஷ்கோடியிடம் போனேன். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது ரோலர் கடை வைத்திருக்கிறான். இரும்புத் தகட்டுக்கு நடுவே ரப்பர், கடினம் எண்பது என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, டீச்சர், அச்சு மெஷினுக்கே நாங்க நாப்பதுதான் போடுவோம், எம்பதுன்னா கல்லுல்லா, உங்க மக ஓட்டுறது காரா ரோடு ரோலரா என்று கேட்டான். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே தாளில் கீழே, ரப்பர் கெட்டியாக இருந்தால் வளைவில் கூட வேகத்தைக் குறைக்காமல் போகலாம் அம்மா என்று நீ எழுதியிருந்தாய். கடைக்கு வெளியே சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து, பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, உன் எண்பதை அடித்து ஐம்பது என்று எழுதி உள்ளே கொடுத்தேன். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகள் நோட்டைத் திருத்திய கை, ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

நம் பக்கத்துப் புத்தி எனக்கு. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற அறைத் தரையில் எதற்கு ரப்பர் விரிக்கிறார்கள், உரசல் வராமல் இருக்கத்தானே. வகுப்பில் எத்தனை முறை அதை உதாரணம் சொல்லியிருக்கிறேன். மெத்தென்று இருந்தால் ஆபத்து குறையும் என்று மனதில் ஊறிப்போய்விட்டது. காரும் கொஞ்சம் மந்தமாகும், நீயும் கொஞ்சம் மெதுவாகப் போவாய் என்று கணக்குப் போட்டு அந்த இரண்டையும் அனுப்பிவிட்டேன்.

போன புதன்கிழமை தாயில்பட்டியில் பாண்டிமீனாவுக்குப் பூ வைத்தார்கள், உன் அத்தை மகள்தான், புரட்டாசி பிறக்கும் முன்னால் முடிக்க வேண்டும் என்று அவசரம், மாப்பிள்ளை சாத்தூரில் வேலை, நல்ல குடும்பம், உனக்கு எப்போது என்று நாலு பேர் கேட்டார்கள், அதை இப்போது விடு. சிவகாசியில் பஸ்ஸைத் தவறவிட்டேன். கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஒன்றில், வாங்க டீச்சர் என்று பெண்கள் இடம் கொடுத்தார்கள். வெம்பக்கோட்டை ரோட்டில் ஓடைப் பாலத்துக்கு இறங்குகிற இடத்தில் கியர் தானாகவே கழன்றுவிட்டது. டிரைவர் மாரிசாமி மறுபடி போட்டுப் பார்க்கிறான், கியர் கம்பி ஒரு இடத்தில் நிற்கிறது, கியர் வேறு எங்கோ விழுகிறது, வண்டி வாலை ஆட்டிக்கொண்டு ஒரு பக்கமாக இழுக்கிறது, எதிரே பாலத்து மேல் லாரி. கைப்பிரேக்கை இழுத்துச் சீமைக்கருவேலத்துக்குள் விட்டு நிறுத்தினான். யாருக்கும் அடியில்லை, என் முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். செல்லக்கனி என்று ஒரு அம்மாள், ஏலே மாரிசாமி, மருந்து ரூம்ல இருபது வருசம் தப்பிச்சு வந்தவள நீ ரோட்டுல வச்சு முடிக்கப் பாக்கியோ, முதல்ல வண்டியப் பாருலே என்று வைதார். அவன் குனிந்து பார்த்துவிட்டு, கியர் பெட்டிக்கு அடியில இருக்க ரப்பர் இளகிப் போச்சு டீச்சர், பெட்டி அது பாட்டுக்கு ஆடுது, நான் மூணுன்னு போட்டா அது ஒண்ணுங்குது என்றான். மற்றவர்கள் சேலையில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்படியே பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். மெத்தென்ற ரப்பர் போட்டால் வண்டி மெதுவாகத்தானே போகும் என்று அவனிடமே கேட்டேன். அதெப்படி டீச்சர், வேகத்தக் குறைக்கிறது காலுல்லா, ரப்பருக்கு என்ன தெரியும், கெட்டியா இருந்தாத்தான் போட்ட கியர் போட்ட இடத்துல நிக்கும் என்றான்.

பூ வைக்கிற வீட்டில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. சாயங்காலம் உனக்குப் போன் போட்டால் மெஷின் பேசச் சொன்னது, மாட்டாதே என்று மட்டும் சொல்லி வைத்தேன். மறுநாள் நீயே கூப்பிட்டாய், அப்பா பக்கத்தில் இருந்தார், பொய் சொன்னேன். தனுஷ்கோடிக்குக் காலண்டர் சீசன், கடை நிறைய ரோலர் அடுக்கிக் கிடக்கிறது, நடுவில் பிள்ளையார் சதுர்த்தி லீவு வேறு. அவனிடம் உள்ளதைச் சொன்னேன். உங்க மார்க்க நீங்களே குறைச்சிட்டீகளே டீச்சர் என்று சொல்லிவிட்டு, அடுக்கில் முதலில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு உன் வேலையைச் செய்தான். எண்பது வருகிறதா என்று கடினம் அளக்கிற மீட்டரை நானே அழுத்திப் பார்த்தேன், இரண்டு தடவை எண்பது, ஒரு தடவை எழுபத்தொன்பது. முந்தியதோடு கலந்துவிடாமல் இருக்க விளிம்பில் நீலக் கோடு போட்டிருக்கிறது.

உன் படத்தாளையும் உள்ளே வைத்திருக்கிறேன், என் சிவப்பு மை அதில் அப்படியே இருக்கிறது. வேகமாகப் போகாதே என்று நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கேட்கமாட்டாய் என்று நினைத்து ரப்பரிடம் சொல்லி அனுப்பினேன். இப்போது உன்னிடமே சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது, முடிந்த அளவு மெதுவாகப் போ. மற்றதை நீதான் முடிவு செய்ய வேண்டும். அப்பாவிடம் இன்று ராத்திரி நானே சொல்லிவிடுவேன். அவருக்கு வேறு கவலை, மக காருல இரண்டே சீட்டாமே, நாம போனா யாரை வீட்டுல விட்டுட்டுப் போறது என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறார்.

மல்லாங்கிணறு காட்டில் இன்னும் மழையில்லை, பருத்தி விதைப்பதா வேண்டாமா என்று சித்தப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்சலில் ஓரத்தில் சீவல் பலகாரப் பொட்டலம் இருக்கிறது, ரப்பர் வாடை அடித்தால் காற்றில் வைத்துவிட்டுச் சாப்பிடு.

நீண்ட ஆயுளும் திடமான உடம்புமாக நீ இருக்க வேண்டும், அம்மா அப்பா இருவரின் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய். கெட்டி ரப்பர் போட்டால் அதிர்வு சீட்டு வரைக்கும் வரும் என்று மாரிசாமி சொன்னான். நீலக் கோட்டை மாட்டி முடித்ததும் காரை ஸ்டார்ட் பண்ணி, போனைச் சீட்டின் மேல் வைத்து எங்களைக் கூப்பிடு. நீ ஒன்றும் பேச வேண்டாம். அது கடகடவென்று ஆடுகிற சத்தம் கேட்டால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
இ. வள்ளித்தாய்