தலையாட்டாதே மகனே

மீமிசல்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் நைனா முகமதுக்கு உன் உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் எல்லோரும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், மனசுக்குத்தான் சுகமில்லை, அதற்குக் காரணம் நீதான். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே அதெல்லாம் ஒண்ணுமில்ல உம்மா என்று வைத்துவிடுகிறாய், வாய்ஸ் மெசேஜ் போடலாம் என்றால் உன் வாப்பா பக்கத்தை விட்டு நகர்வதில்லை. நம் தெரு ராஜா முகமது லீவு முடிந்து நாளைக்கு ஓமனுக்கு, நீ இருக்கும் சலாலாவுக்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். இங்கே காற்று ஓயவில்லை, படகுகள் கரையிலேயே கிடக்கின்றன, கொஞ்சம் இறால் கருவாடுதான் கிடைத்தது, அதைப் பொடி பண்ணி வைத்திருக்கிறேன். உன் தங்கச்சி இர்ஃபானா காலேஜுக்குப் போய் வருகிறாள், பஸ் கூட்டத்தில் தினம் ஒரு செருப்பை அறுத்துக்கொண்டு வருகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினாயே, அப்போது நீ பார்த்துக்கொள்ளும் பெரியவர் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு உன்னிடம் என்னமோ கேட்டார். நீ நஅம் நஅம் என்று தலையாட்டிவிட்டு சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாய். என்னடா கேக்குறாரு என்றதற்கு, யாருக்கு வெளங்குது உம்மா, அவரு பாட்டுக்கு எதாச்சும் சொல்லிக்கிட்டேதான் இருப்பாரு என்றாய். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவருக்கு இன்சுலின் போடுவது நீதானே? போன வருஷம் உன் வாப்பா ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு புதுக்கோட்டை பஸ் ஏறி, அறந்தாங்கி வருவதற்குள் வேர்த்து விறுவிறுத்துச் சாய்ந்ததை மறந்துவிட்டாயா? பசிக்குதுங்க என்று அவர் சொன்னது பக்கத்து சீட்டுக்காரருக்குப் புரிந்தது, அவர் பிஸ்கட் கொடுத்தார், உன் வாப்பா பிழைத்தார். அந்தப் பெரியவர் சொன்னால் புரிந்துகொள்ள அங்கே யார் இருக்கிறார்கள்?

எல்லாம் உன் வாப்பாவின் வாயால் வந்தது. பையனுக்கு பாஷை வருமா என்று ஏஜென்ட் கேட்டதும், எம்மவனுக்கு அரபு தண்ணி பட்ட பாடு, சின்னதுலயே குர்ஆன முழுசா ஓதி முடிச்சவன் என்று மார்தட்டினார். ஓத வரும், பேச வருமா? நானும்தான் யாசீனைப் பார்க்காமல் ஓதுவேன், அதற்காக ஒரு அரபுக்காரியிடம் போய் ஒரு கை உப்பு கேட்க முடியுமா? நீயும் போன அன்றைக்கே அந்த வீட்டில் இனிக்க இனிக்க ஓதிக் காட்டியிருக்கிறாய். ஆகா, பாஷை தெரிந்த பிள்ளை என்று நம்பி, பழைய ஆளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பகலெல்லாம் தகப்பனை உன்னை நம்பி விட்டுவிட்டு மகன்கள் வேலைக்குப் போகிறார்கள். உன் வாப்பாவை இப்படி ஒருவன் கையில் விட்டுவிட்டு நீ போவாயா, நெஞ்சைத் தொட்டுச் சொல்.

இதைச் சொன்னால் உன் வாப்பா, சும்மா கெட, தெரியாதுன்னு சொன்னா வேலை போயிரும், பேசப் பேச தானா வந்துரும் என்கிறார். ராஜா முகமது அப்படிச் சொல்லவில்லை. புதுசுல எல்லாரும் முழிக்கத்தான் செய்வோம் லாத்தா, வெளங்கலன்னு சொல்றவனுக்குத்தான் அவங்க சொல்லிக் குடுப்பாங்க, நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன் என்றான். எனக்கு விளங்கவில்லை என்பதற்கு மா ஃபஹிம்த் என்று சொல்ல வேண்டுமாம். அடுப்படியில் நின்று சொல்லிச் சொல்லி எனக்கே பாடமாகிவிட்டது. உனக்கு அதைச் சொல்ல என்ன வெட்கம்? அவன் லீவு நாளில் உன்னைப் பார்க்க வருவான், அவனிடம் உட்கார்ந்து பசி, தாகம், வலி, மயக்கம் இந்த வார்த்தைகளை முதலில் கேட்டுக்கொள், மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும். வெயிலில் வெறுந்தலையோடு அலையாதே, தொழுகையை விடாதே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தருவானாக. இதைப் படித்த கையோடு, அடுத்த ஊசிக்கு முன்னால், அந்தப் பெரியவரின் மகன்களிடம் உனக்குப் பாஷை தெரியாது என்று சொல்லிவிடு. திருப்பி அனுப்பினால் வந்துவிடு, உன் வாப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். சொல்லிவிட்டு எனக்குப் போன் பண்ணு. வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று கேட்க மாட்டேன். அவர் சாப்பிட்டாரா என்றுதான் கேட்பேன்.

துஆவுடன்,
உன் உம்மா
ஜொஹரா பீவி